தினசரி மன அழுத்தத்தை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? எனக்கு யோகாவும் உதவவில்லை

பெங்களூரில் வேலைக்குப் போகிறேன், வீடு திரும்பும்போது தலை வெடிக்கிறது, யோகா வகுப்பில் சேர்ந்தும் பலனில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டிலும் பெரியவர்களும் பள்ளிக்குப் போகும் பிள்ளையும் இருப்பதாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன். யோகாவை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்காக விடியற்காலை நாலரைக்கு எழ வேண்டியிருந்தால், அதுவும் நம் தலையில் விழுந்த இன்னொரு வேலைதான்.

பொம்மனஹள்ளியில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். மாதாமாதம் 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்கு, 20ஆம் தேதிக்குள் 3பி என்ற வரி கட்டும் கணக்கு, இரண்டையும் அரசுக்குப் போட்டாக வேண்டும். தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய் லேட் ஃபீ, கட்ட வேண்டிய வரிக்கு 18 சதவீத வட்டி. அந்தப் பணம் என் கையிலிருந்து போகாது. பேச்சு மட்டும் எனக்கு விழும்.

2023இல் ஒரு 19ஆம் தேதி. பில் கட்டை மாலை ஆறு மணிக்கு என் மேசைக்கு வந்தது. முடித்து பஸ் ஏறும்போது எட்டரை. எப்போதும் நெரிசலான சில்க் போர்டு சந்திப்புக்கு முன்னால் பஸ் நின்றுவிட்டது. கம்பியைப் பிடித்திருந்த இடது கை விரல்கள் மரத்துப்போயின. வாய் உலர்ந்தது, நெஞ்சில் யாரோ முழங்காலை வைத்து அழுத்துவதுபோல் இருந்தது. செத்துவிடுவேன் என்றுதான் நினைத்தேன். கண்டக்டர் அம்மா "ஏனாய்த்தம்மா?" (என்ன ஆச்சும்மா?) என்று கன்னடத்தில் கேட்டு, ஒரு பையனை எழுப்பிவிட்டு என்னை உட்காரவைத்து, தன் பாட்டிலிலிருந்து தண்ணீர் கொடுத்தார். அவர் முகம் இன்றும் நினைவிருக்கிறது.

டாக்டரிடம் போனேன், ஈசிஜி நார்மல். பயத்தில் வேகவேகமாக மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும், அதனால்தான் விரல் மரத்தது என்றார் அவர். இழுக்கும் மூச்சைவிட விடும் மூச்சை நீளமாக்கச் சொன்னார், படபடப்பு இறங்கும் என்று. இறங்குகிறது, உண்மை. ஒன்று சொல்லிவிடுகிறேன்: நெஞ்சு வலித்தால் முதலில் ஈசிஜி எடுங்கள். பதற்றம்தான் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள்.

"சம்பளம் வருகிறவளுக்கு என்ன அழுத்தம், மெஷினில் உட்காரும் பெண்களைப் பார்" என்று யாராவது கீழே எழுதுவார்கள். தினமும் பார்க்கிறேன். அவர்கள் பாடு என் பாட்டைவிடக் கொடியது. அதற்காக என் நெஞ்சு அடைத்தது பொய்யாகிவிடாது.

அடுத்த வாரம் இரவு பதினொன்றுக்கு, மாமியாருக்குக் கேட்காமலிருக்க சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு 14416க்கு அழைத்தேன். டெலி மானஸ் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச எண் அது, 24 மணி நேரமும் உண்டு. தமிழிலேயே பேசினார்கள். முந்தின நாள் முழுவதையும் மணிவாரியாகத் தாளில் எழுதச் சொன்னார்கள். எழுதினேன். காலை 5:10 முதல் இரவு 10:40 வரை எனக்கென்று ஐந்து நிமிடம்கூட இல்லை. அந்தத் தாளைப் பார்த்துதான் அழுதேன்.

     

தாளோடு மேனேஜரிடம் போனேன். நமக்குச் சரக்கு விற்றவர்கள் காட்டிய பில்களின் ஜிஎஸ்டி பட்டியல்தான் 2பி. அந்த வரியை நாம் கட்டும் வரியில் கழித்துக்கொள்வதுதான் கிரெடிட். "14ஆம் தேதி 2பி வந்துவிடுகிறது சார். 15க்கு மேல் என்னிடம் வரும் பர்ச்சேஸ் பில்லை அடுத்த மாதம்தான் எடுப்பேன். கிரெடிட் எடுக்க அடுத்த நிதியாண்டு நவம்பர் 30 வரை நேரம் இருக்கிறது" என்றேன். பணம் முடங்கும் என்று முணுமுணுத்தார். ஆனால் அதற்குப் பிறகு பில்கள் 13ஆம் தேதிக்குள் வந்துவிடுகின்றன.

2025 ஆகஸ்டில் மெட்ரோ மஞ்சள் லைன் திறந்ததும் பஸ்ஸை விட்டேன். ஆர்.வி. ரோட்டிலும் மெஜஸ்டிக்கிலும் மாற வேண்டும், சுற்றுதான். ஆனால் எத்தனை மணிக்கு வீடு சேருவேன் என்று தெரிகிறது, அதுவே பாதி நிம்மதி. அல்சூரில் இறங்கியதும் நேரே வீட்டுக்குப் போவதில்லை. ஏரிப் பக்கம் திருவள்ளுவர் சிலைவரை நடந்து, போனைப் பைக்குள் போட்டுவிட்டு இருபது நிமிடம் இருப்பேன். 1991இல் வைத்த சிலை, 2009இல்தான் திறந்தார்கள். திறந்த அன்று அப்பா கூட்டத்தில் நின்று அழுதார். அங்கே நின்றால் அப்பா பக்கத்தில் இருப்பதுபோல் இருக்கும்.

"ஏன் லேட்டு?" என்று வீட்டுக்காரர் கேட்டார். "அந்த இருபது நிமிஷம் எனக்குங்க" என்றேன். இப்போது குக்கரை அவர் வைத்துவிடுகிறார்.

நீங்களும் இன்று இரவு அந்தத் தாளை எழுதுங்கள். எத்தனை மணிக்கு இடைவெளி கிடைத்தது என்று இங்கேயே சொல்லுங்கள், பதில் போடுகிறேன்.