மாத்திரையை நினைவூட்டும் குறுந்தகவல்

கேள்வி: என் தாயாருக்கு வயது 68. நீரிழிவு நோய்க்காகப் பலதுறை மருந்தகத்தில் மாத்திரை பெற்று வருகிறார். பகலில் வீட்டில் தனியாக இருப்பதால், பல நாள்கள் மாத்திரையைத் தவறவிடுகிறார். கைத்தொலைபேசியில் நாள்தோறும் குறுந்தகவல் அனுப்பினால் பயன் இருக்குமா? அவருக்குத் தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரியும்.
- வாசகி, யீஷூன்

பதில்: பயன் உண்டு. ஆயினும், தாயார் மாத்திரையை மறக்கிறாரா, வேண்டாமென்று ஒதுக்குகிறாரா என்பதை முதலில் பக்குவமாகக் கேட்டறியுங்கள். நீரிழிவுக்குப் பரவலாகத் தரப்படும் மெட்ஃபார்மின் மாத்திரை சிலருக்குக் குமட்டலும் வயிற்றுப்போக்கும் தரும்; அதை வெளியில் சொல்லக் கூச்சப்பட்டு மாத்திரையை நிறுத்திவிட்டவருக்கு நினைவூட்டல் உதவாது. மருத்துவரிடம் சொன்னால், அளவை மாற்றியோ மெதுவாகக் கரையும் வகையைத் தந்தோ அவர் சரிசெய்ய முயல்வார்.

மறதிதான் காரணமென்றால் தயங்காமல் தொடங்குங்கள். நியூசிலாந்தில் 366 நீரிழிவு நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஆய்வில், ஒவ்வொருவருக்கும் ஏற்றவாறு அமைத்த குறுந்தகவல்களை ஒன்பது மாதம் வரை பெற்றவர்களின் எச்பிஏ1சி, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு, மற்றவர்களுடையதைவிடக் கூடுதலாகக் குறைந்தது. எல்லா ஆய்வுகளிலும் இவ்வளவு தெளிவான பலன் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். எல்லாருக்கும் பொதுவாக அனுப்பப்படும் அறிவுரையைவிட, தாயாரின் அன்றாட வழக்கத்தை அறிந்த நீங்களே தமிழில் எழுதும் இரண்டு வரியை நான் பெரிதும் நம்புகிறேன்.

அந்தத் தகவலைக் கடிகாரத்தைப் பார்த்து அனுப்பாமல், அவர் சாப்பிடும் வேளையைப் பார்த்து அனுப்புங்கள். கிளிபிசைட், கிளிக்லசைட் போன்ற மாத்திரைகளை உட்கொண்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால், சர்க்கரை அளவு மிகவும் தாழ்ந்து வியர்வை, நடுக்கம், மயக்கம் வரை கொண்டுபோய்விடும். வெள்ளிக்கிழமை விரதம் இருப்பவரானால், அன்று எந்த மாத்திரையை எப்போது உட்கொள்வது என்பதை மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். "அம்மா, பசியாறிட்டீங்களா? மாத்திரை போட்டீங்களா?" என்று கேள்வியாகவே எழுதுங்கள், கேள்விக்குப் பதில் வரும், கட்டளைக்கு வராது. பதிலைத் தட்டச்சு செய்ய அவர் சிரமப்பட்டால், வாட்ஸ்அப்பில் குரல்பதிவாக அனுப்பட்டும். மருத்துவத் தகவல் என்ற பெயரில் யார் இணைப்பு அனுப்பினாலும் அதைத் தொடவேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள். மோசடிக்காரர்கள் முதியோரை எளிதில் ஏமாற்றிவிடுகிறார்கள்.

ஒரு வேளை தவறிவிட்டால், அடுத்த வேளையில் இரண்டு மாத்திரைகளைச் சேர்த்து உட்கொள்ளக் கூடாது. தவறிய நாள்களை மட்டும் குறித்து வைத்து, அடுத்த பரிசோதனைக்குச் செல்லும்போது அந்தக் குறிப்பை மறைக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். அது தெரியாவிட்டால், எச்பிஏ1சி கூடியிருப்பதைக் கண்டு, இப்போதைய மருந்து போதவில்லை என்று எண்ணி அவர் அளவைக் கூட்டிவிடக்கூடும். அந்தக் கூடுதல் அளவைத் தாயார் ஒழுங்காக உட்கொள்ளத் தொடங்கினால், சர்க்கரை அளவு தாழ்ந்துபோகும் அபாயம் உண்டு.