பருந்து பழக்க ஆசையா? கேட்டவர்களுக்கு என் பதில்கள்

அமெரிக்காவில் உரிமம் வாங்கி ரெட்-டெயில் பருந்து வளர்த்து, அதோடு வேட்டைக்குப் போகிறவன் நான். ஃபால்கன்ரி, அதாவது வேட்டைப் பறவையைப் பழக்கி அதோடு வேட்டையாடுவது பற்றிக் கேள்வி கேட்கலாம் என்று சொன்னதும் நிறைய வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

டாலஸில் இருக்கிறேன். முதலில் எந்தப் பறவை வாங்கலாம்?

பறவை கடைசியில்தான். முதலில் ஸ்பான்சர் தேடுங்கள், அதாவது ஜெனரல் என்ற அடுத்த நிலை உரிமத்தில் குறைந்தது 2 வருட அனுபவம் உள்ள ஒருவர் உங்களைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள வேண்டும். எழுத்துத் தேர்வில் 80 சதவீதம் எடுக்கணும். பறவை தங்கும் அறையையும் கருவிகளையும் அதிகாரிகள் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் அப்ரெண்டிஸ், அதாவது தொடக்கநிலை உரிமம். அந்த நிலையிலேயே குறைந்தது 2 வருடம், கையில் ஒரே ஒரு பறவை. வயது 12 ஆனால் போதும், பிள்ளைகளும் சேரலாம். ஹவாயில் மட்டும் இதற்கு வழியில்லை.

ஸ்பான்சர் கிடைப்பதுதான் கஷ்டம். போன் போட்டு "எனக்குக் கற்றுக்கொடுங்கள்" என்று கேட்பதைவிட, ஒரு குளிர்காலம் முழுக்க அவர்கள் வேட்டைக்குப் போகும்போது கூடவே நடந்து, புதரைத் தட்டி முயலைக் கிளப்பிவிடுங்கள், அவர்களே உங்களைக் கவனிப்பார்கள்.

காட்டுப் பறவையைப் பிடிப்பது பாவம் இல்லையா?

நியாயமான கேள்வி. நாங்கள் பிடிப்பது பிறந்து ஒரு வருடம் ஆகாத, தானே வேட்டையாடத் தொடங்கிவிட்ட இளம் பறவையை. ரெட்-டெயில் குஞ்சுகளில் பெரும்பாலானவை முதல் வருடத்தைத் தாண்டுவதில்லை, பசியிலும் வாகனத்தில் அடிபட்டும் செத்துவிடுகின்றன. எங்களிடம் வந்த பறவைக்கு அந்தக் குளிர்காலம் முழுக்கச் சாப்பாடும் வைத்தியமும் உண்டு, வேட்டைப் பழக்கமும் விட்டுப்போகாது. அப்புறம் வசந்தத்தில் நல்ல உடம்போடு திரும்ப விட்டுவிடலாம். விற்கத்தான் கூடாது, சட்டம் அனுமதிக்காது.

பட்டினி போட்டுத்தானே பழக்குகிறீர்கள்?

இல்லை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதியவர்கள் கையில் பறவை சாவது பெரும்பாலும் இதில்தான்.

வயிறு நிறைந்த பருந்து மரத்தில் உட்கார்ந்துகொண்டு உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காது, காட்டிலும் அது அப்படித்தான். பசி எடுத்து வேட்டைக்குக் கிளம்பும் எடை என்று ஒவ்வொரு பறவைக்கும் ஒன்று உண்டு, அதைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. தினமும் அதே நேரத்தில் கிராம் தராசில் எடை பார்த்து எழுதி வைக்கணும். எண்ணை மட்டும் நம்பாதீர்கள், நெஞ்செலும்பின் இரண்டு பக்கமும் விரலால் தடவிப் பாருங்கள், சதை வற்றி எலும்பு கத்தி மாதிரி கூராகத் தெரிந்தால் அன்று பயிற்சியை நிறுத்திவிட்டு ஊட்டுங்கள். குளிர் கூடினால் சாப்பாடும் கூடணும். ஒரு கிலோ ரெட்-டெயிலுக்குச் சில கிராம் குறைந்தால் சமாளிக்கலாம், ஆனால் நூறு கிராம் சொச்சம் இருக்கும் கெஸ்ட்ரல் என்ற சின்ன வல்லூறுக்கு அதே சில கிராம் உயிர்போகும் விஷயம். சின்னப் பறவை சுலபம் என்று நினைத்து அதில் ஆரம்பிக்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

கோழிக்கறி போட்டால் போதுமா?

போதாது. எலும்பில்லாத கறியை மட்டும் போட்டால் கால்சியம் குறைந்துவிடும். எலும்பு, தோல், ரோமத்தோடு முழு எலி, காடை, கோழிக்குஞ்சு கொடுங்கள். செரிக்காத ரோமத்தையும் இறகையும் உருண்டையாகக் கக்கும், அது நல்ல அறிகுறி, அது வெளியே வரும்வரை அடுத்த வேளை ஊட்டாதீர்கள். துப்பாக்கியால் சுட்ட விலங்கின் கறி வேண்டவே வேண்டாம், அதில் ஈயத் துணுக்கு இருக்கும். புறாவில் தொண்டைப் புண் நோய் உண்டு, நான் தருவதில்லை.

நோய் வந்தால் எப்படித் தெரியும்?

தெரிகிற மாதிரி காட்டாது, அதுதான் ஆபத்து. எச்சத்தைத் தினமும் பாருங்கள், சாப்பிட்ட பிறகும் பச்சையாகவே போனால் மருத்துவரிடம் போங்கள். குரல் மாறினாலோ மூச்சு வாங்கினாலோ நுரையீரலில் பூஞ்சை இருக்கலாம், ஈரமும் பூசணமும் உள்ள அறையில் இது வரும். உள்ளங்கால் சிவந்து வீங்கினால் உட்காரும் கட்டையை மாற்றுங்கள், செயற்கைப் புல் விரித்த கட்டை நல்லது. பறவை மருத்துவர் யார் என்பதைப் பறவை வருவதற்கு முன்பே விசாரித்து வையுங்கள்.

நாய் மாதிரி நம்மிடம் பாசமாக இருக்குமா?

இருக்காது. தடவிக் கொடுப்பதும் பிடிக்காது. நம்மால் கெடுதல் வராது, சாப்பாடு வரும் என்று நம்பும், அவ்வளவுதான். எந்தக் கயிறும் இல்லாமல் பறக்கவிட்டு, எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்ற நிலையிலும் விசில் கேட்டு அது கைக்கு வரும்போது எனக்கு இன்னும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

அபுதாபியில் வேலை. வல்லூறுகளுக்கான ஃபால்கன் மருத்துவமனைக்கு உள்ளே போய்ப் பார்க்க முடியுமா?

அங்கே உள்ள ஃபால்கன் மருத்துவமனையில் பார்வையாளர்களை முன்பதிவில் அழைத்துப்போய்க் காட்டுகிறார்கள், தவறவிடாதீர்கள். அங்கே வல்லூறுகளுக்குப் பாஸ்போர்ட்டே உண்டு.

சென்னையில் எங்கள் மாடியில் பருந்துக் குஞ்சு விழுந்து கிடக்கிறது. நானே வளர்த்துப் பழக்கலாமா?

கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இறகு முளைத்து, காயம் இல்லாமல் இருந்தால் பறக்கப் பழகும் குஞ்சாக இருக்கலாம், தாய் பக்கத்திலேயே இருக்கும், பூனையும் காக்காயும் நெருங்காத உயரமான இடத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள். மாஞ்சா அறுத்திருந்தாலோ இறக்கை தொங்கினாலோ, மேலே துண்டைப் போட்டு மூடி, கால் நகம் படாமல் தூக்கி, காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக வையுங்கள். பால், சோறு, தண்ணீர் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள், அவர்கள் வரும்வரை பெட்டியைத் திறந்து திறந்து பார்க்க வேண்டாம், பிள்ளைகளையும் தள்ளி இருக்கச் சொல்லுங்கள்.