வீட்ல இருந்தே டிகிரி: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

நேத்து நைட்டு ஆன்லைன் படிப்பு பத்தி கேளுங்கன்னு சொல்லிட்டு தூங்கிட்டேன், காலைல எந்திரிச்சு பாத்தா கேள்வி குமிஞ்சு கெடக்கு. முன்னாடியே சொல்லிர்றேன், நான் யுனிவர்சிட்டில வேல பாக்குற ஆளு இல்ல. மதுரைல ஒரு ஆபீஸ்ல கணக்கு எழுதுறேன், 39 வயசுல ஆன்லைன்ல எம்.ஏ வரலாறு முடிச்சேன், கூட மத்திய அரசோட ஆன்லைன் கோர்ஸ் தளமான ஸ்வயம்ல நாலு கோர்ஸ், அவ்வளவுதான் நம்ம தகுதி.

திருமங்கலம் தம்பி: அக்கா, ஆன்லைன் பி.ஏ கவர்மெண்ட் வேலைக்கு செல்லுமா? எங்க மாமா செல்லவே செல்லாதுங்குறாரு.

செல்லும்ப்பா. அனுமதி வாங்குன யுனிவர்சிட்டி ஆன்லைன்லயோ தொலைதூரத்துலயோ குடுக்குற டிகிரி, நேர்ல போயி படிச்ச டிகிரிக்கு சமம்னு யூஜிசி, அதாவது யுனிவர்சிட்டிகளுக்கு விதி போடுற மத்திய அமைப்பு, 2022 செப்டம்பர்லயே தெளிவா சொல்லிருச்சு. ஆனா அந்த "அனுமதி வாங்குன"ங்குறதுலதான் எல்லாமே இருக்கு. பெரிய யுனிவர்சிட்டி பேருதானேன்னு போயி சேந்துரக் கூடாது, யூஜிசியோட தொலைதூரக் கல்வி பீரோ வெப்சைட்ல லிஸ்ட் இருக்கும், அதுல நீ சேரப்போற வருசத்துக்கு நீ சேரப்போற அந்த கோர்ஸ் பேரு இருக்கான்னு பாக்கணும். பி.ஏ தமிழுக்கு அனுமதி இருக்கும், பக்கத்துலயே இன்னொரு கோர்ஸுக்கு இருக்காது. மாமா சொல்றதுலயும் ஒரு விசயம் இருக்கு, +2 முடிக்காம நேரா டிகிரி வாங்குனவங்க நம்ம மாநில அரசு வேலைல மாட்டிக்கிட்டு முழிச்சாங்க. பத்து, +2, அப்புறம் டிகிரி, இந்த வரிசை மாறாம இருந்தா பயம் இல்ல.

மேலூர்ல இருந்து ஒருத்தங்க: தொலைதூரக் கல்வியும் ஆன்லைனும் ஒண்ணுதானம்மா?

இல்லங்க. நம்ம அப்பா காலத்துல "கரஸ்ல படிக்கிறேன்"னு சொல்லுவாங்கல்ல, புக்கு வரும், ஞாயித்துக்கிழமை கிளாஸ் இருக்கும், அது தொலைதூரம். மாநில யுனிவர்சிட்டி அத தன் எல்லைக்குள்ளதான் நடத்தலாம். ஆன்லைனுக்கு அந்த எல்லை கெடையாது, உசிலம்பட்டில உக்காந்துக்கிட்டு டெல்லில சேரலாம். எனக்கு பரீட்சையும் கேமரா முன்னாடி வீட்லதான். ரூம்ல வேற ஆளு இருக்கக் கூடாதுன்னு கதவ சாத்திட்டு எழுதுறேன், பாதில எங்க அத்தை காபியோட கதவத் தள்ளிக்கிட்டு வந்துட்டாங்க, ஸ்கிரீன்ல சிவப்பா வார்னிங். கை நடுங்கிருச்சு. அடுத்த பரீட்சைக்கு கதவுல பேப்பர் ஒட்டுனேன், அத்தைக்கு கண்ணாடி இல்லாம படிக்க வராதுங்குறது அப்புறந்தான் ஞாபகம் வந்துச்சு.

பேர் வேணாம்னவரு: பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சென்டர்ல பணம் கட்டுனா அட்மிசன்ல இருந்து பரீட்சை வரைக்கும் அவங்களே பாத்துக்கிடுவாங்களாம், சேரலாமா?

சேராதீங்கண்ணே. எம்.ஏக்கு முன்னாடி நானே ஒரு ஜெராக்ஸ் கடை மாடில அப்படித்தான் ரெண்டு தவணை கட்டுனேன், ரசீதுல யுனிவர்சிட்டி பேரே இல்ல, சென்டர் பேரு மட்டும். ஆறு மாசம் கழிச்சு போனா மாடில தையல் கிளாஸ் நடக்குது. படிப்ப இப்படி பிரான்சைஸ் குடுத்து நடத்துறதுக்கு யூஜிசி விதில அனுமதியே கெடையாது. பீஸ யுனிவர்சிட்டியோட சொந்த வெப்சைட்ல மட்டும் கட்டுங்க.

அலங்காநல்லூர் தங்கச்சி: ஏபிசி ஐடி, டெப் ஐடின்னு என்னென்னமோ கேக்குறாங்கக்கா.

முதல்ல டிஜிலாக்கர்ல ஏபிசி ஐடி எடு, 12 நம்பர், பாடம் முடிச்சா கெடைக்குற புள்ளி இருக்குல்ல, கிரெடிட்டுன்னு சொல்லுவாங்க, அதெல்லாம் சேருற பாஸ்புக் மாதிரி. அத வச்சு டெப் ஐடி, அதாவது யூஜிசியோட தொலைதூரக் கல்வி பீரோ ஐடி, இது 2024ல வந்தது, ஆன்லைன்லயோ தொலைதூரத்துலயோ டிகிரி சேருறவங்க எல்லாருக்கும் கட்டாயம். ரெண்டுக்கும் சேத்து அரை மணி நேரம்தான், ஆனா நம்ம ஊருக்காரங்களுக்கு அரை மாசம் ஆகும், ஏன்னா இனிசியல். மார்க்‌ஷீட்ல இனிசியல் முன்னாடி, ஆதார்ல பின்னாடி, பேங்க்ல அப்பா பேரு முழுசா. வடக்க உக்காந்து பாரம் டிசைன் பண்ணுனவனுக்கு குடும்பப் பேரு இல்லாத ஆளுக இருக்காங்கன்னே தெரியாது போல. எனக்கு இனிசியலுக்குப் பின்னாடி ஒரு புள்ளி இடிச்சது. அதனால அட்மிசன் ஆரம்பிக்குறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே ஆதார்ல பேர மார்க்‌ஷீட்ல இருக்குற மாதிரி மாத்திரு, கடைசி நாள் அன்னைக்கு ஈ-சேவைல போயி நிக்காத.

காலேஜ் பையன்: ஸ்வயம் ஃப்ரீதானேக்கா?

படிக்க ஃப்ரீ, சர்டிபிகேட் பரீட்சைக்குத்தான் பணம். ஸ்வயம்ல ஐஐடிக்காரங்க கோர்ஸ் நடத்துற என்பிடெல்ல நான் எழுதுனப்ப ஒரு கோர்ஸுக்கு 1000 ரூபா, சென்டர் மதுரைலயே கெடச்சது. அசைன்மென்ட்டுக்கு 25, பரீட்சைக்கு 75, 12 வாரக் கோர்ஸ்னா நல்லா வந்த எட்டு அசைன்மென்ட்ட மட்டும் எடுத்துக்கிடுவாங்க. 25க்கு 10, 75க்கு 30, ரெண்டுலயும் தனித்தனியா தாண்டணும். அசைன்மென்ட் போட எனக்கு புதன்கிழமை ராத்திரி 11:59 கடைசி நேரம், எங்க தெருவுல கரண்ட்டும் கரெக்டா புதன்கிழமைதான் போகும், செவ்வாயே போட்டுரு. ஒரு செமஸ்டர் பாடத்துல 40 சதவீதம் வரைக்கும் இப்படி ஸ்வயம்ல எடுக்க யூஜிசி விட்டுருக்கு, ஆனா உன் காலேஜ் ஒத்துக்கிட்ட கோர்ஸான்னு முதல்ல டிபார்ட்மென்ட்ல கேளு.

மகள் அமெரிக்காவுல இருக்குற அம்மா: அவ அங்க ஸ்டேட் யுனிவர்சிட்டில ஆர்ட்ஸ் பேப்பர் எல்லாத்தையும் ஆன்லைன்லயே எடுக்கலாமா?

எஃப்-1ங்குற மாணவர் விசான்னா முடியாதும்மா, முழுநேரப் படிப்புக் கணக்குல ஒரு செமஸ்டருக்கு ஒரே ஒரு ஆன்லைன் கிளாஸ், அதாவது மூணு கிரெடிட்தான் சேரும். அவ காலேஜ்ல வெளிநாட்டு மாணவர் ஆபீஸ்ல கேக்காம ஒரு பேப்பரையும் மாத்த வேணாம்னு சொல்லுங்க.

நர்சிங், சட்டம், பார்மசி கேட்ட எல்லாருக்கும்: ஆன்லைன்ல டிகிரி கெடையாது. யாரு சொன்னாலும்.

சிம்மக்கல் அண்ணன்: இந்த வயசுல வரலாறு படிச்சு என்னத்தா பிரயோசனம்?

ஆபீஸ்ல சம்பளம் ஒரு ரூபா ஏறல, மறைக்கல. ஆனா அசைன்மென்ட்டுக்காக மதுரை பக்கம் மலைல இருக்குற மாங்குளம் தமிழ் பிராமி கல்வெட்டு பத்தி படிச்சேன். 1882லயே கண்டுபிடிச்சிருக்காங்க, அதுல பாண்டிய ராசா நெடுஞ்செழியன் பேரு இருக்குன்னு 1960கள்ல கல்வெட்டு ஆய்வாளர் ஐராவதம் மகாதேவன்தான் படிச்சு சொல்லிருக்காரு. பொங்கல் லீவுல பிள்ளைகள கூட்டிட்டு மலை ஏறுனேன். என் மகன் 'ழ' எங்கம்மான்னு கேட்டான், காட்டுனேன்.

வண்டியூர்: செல்போன் போதுமா?

கிளாஸுக்குப் போதும். பரீட்சைக்கு கேமரா உள்ள லேப்டாப்ப கடன் வாங்கியாச்சும் வச்சுக்கங்க, சார்ஜர மறந்துறாதீங்க.