இரவில் திருத்துவது

அன்புள்ள ஐயா,

மூன்று மாதங்களுக்கு முன் எங்கள் கணக்குப் பிரிவுக்கு என்னை மேற்பார்வையாளர் ஆக்கினார்கள். கீழே ஆறு பேர், நேற்றுவரை பக்கத்து நாற்காலிக்காரர்கள். இனி அவர்களோடு பழையபடி பழகலாமா, கொஞ்சம் விலகி நிற்க வேண்டுமா? மதிப்பு எப்படி வரும்? ஒருவர் தரும் வாராந்தர அறிக்கையில் எப்போதும் பிழை இருக்கிறது. மூத்தவர், சொன்னால் மனம் நோகும் என்று இரவில் நானே உட்கார்ந்து திருத்தி அனுப்பிவிடுகிறேன். தூக்கம் கெட்டதுதான் மிச்சம்.

எம்.

அன்புள்ள எம்,

முதல் இரண்டு கேள்விகளை விட்டுவிடுகிறேன். யாரோடு எவ்வளவு பழகுவது என்பதெல்லாம் ஆறு மாதத்தில் தானாக ஒரு நிலைக்கு வந்துவிடும். மதிப்பையே நினைத்துக்கொண்டு நடப்பவருக்கு அது வருவதில்லை. சரி, அது போகட்டும்.

கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் என்னைப் பதில் எழுத உட்கார வைத்தது. அதை அன்பு என்று நினைத்திருக்கிறீர்கள். அன்பு இல்லை, எம். அவருக்கு இனி இது வராது என்று அவரைக் கேட்காமலே முடிவு கட்டிவிட்டீர்கள். கற்றுக்கொள்ள அவருக்கு இருந்த வாய்ப்பை வாரந்தோறும் நீங்களே பறித்துக்கொள்கிறீர்கள். அவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

எனக்குக் கோபம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. நானும் இதைச் செய்தவன்.

27 வயதில் ஒரு பதிப்பகத்தில் அச்சுப்பிழை திருத்தும் புரூஃப் பிரிவுக்கு என்னைப் பொறுப்பாக்கினார்கள். மூன்று பேரில் ஒருவர் என்னைவிட 20 வயது மூத்தவர். ர, ற குழப்பம் அவர் கண்ணுக்குத் தப்பவே தப்பாது. ஒற்றில் மட்டும் சறுக்குவார். 'செய்துக் கொடுத்தான்', 'வந்துப் போனான்' என்று வேண்டாத இடத்தில் பென்சிலால் ஒற்றைச் சேர்த்து வைப்பார். எப்படிச் சொல்வது என்று தயங்கி, எல்லோரும் கிளம்பிய பிறகு அவர் பார்த்து வைத்த ஃபாரங்களை, அதாவது 16 பக்க அச்சுத் தாள்களை, எடுத்துச் சிவப்பு மையில் அடித்து அனுப்பிவிடுவேன். இப்படியே எட்டு மாதம்.

ஒருநாள் அச்செழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர் ஏதோ சந்தேகம் கேட்க, திருத்திய ஃபாரத்தை நேராக அவர் மேசைக்கே கொண்டுபோய்விட்டார். மூத்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, 16 பக்கத்தையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார். அதுவரை என்னைத் தம்பி என்று கூப்பிட்டவர், "எத்தனை நாளா சார்?" என்று கேட்டார்.

மறுநாள் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். 'படித்து', 'கேட்டு' என்று கடைசி எழுத்துக்கு முன் வல்லின மெய் இருந்தால் ஒற்று மிகும்: படித்துப் பார்த்தான். 'செய்து', 'வந்து' என்று இடையினமோ மெல்லினமோ இருந்தால் மிகாது. 10 நிமிடம்கூட ஆகவில்லை. அவருக்கு அதுவரை யாரும் அதைச் சொல்லித் தந்ததே இல்லை. அப்புறம் அந்தப் பிழை அவர் கையில் வரவில்லை. ஆனால் ஓய்வு பெறும்வரை நான் அவருக்கு 'சார்'தான்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலை மேற்பார்வையாளர்களுக்காக 'டிரெயினிங் விதின் இண்டஸ்ட்ரி' என்றொரு பயிற்சி நடந்தது. போருக்குப் பின் ஜப்பானும் அதை எடுத்துக்கொண்டது. வேலையைக் கற்றுக்கொடுப்பதற்கென்றே அதில் 10 மணி நேரப் பாடம் இருந்தது. ஆளைத் தயார்படுத்து, செய்து காட்டு, அவரைச் செய்யவிடு, பிறகும் போய்ப் பார் என்று நான்கு படிகள். ஆட்களோடு பழகுவதற்கு இன்னொரு பாடம். வேலை எப்படிப் போகிறது என்பதை அவரவருக்குத் தெரியப்படுத்து என்பது அதன் அடிப்படைகளில் ஒன்று. பல வருடம் கழித்து இதைப் படித்தபோது, கண்ணாடியைத் துடைத்த அந்தக் கைதான் நினைவுக்கு வந்தது.

நாளைக் காலை அந்த அறிக்கையோடு அவர் மேசைக்குப் போங்கள். உங்கள் இடத்துக்குக் கூப்பிடாதீர்கள். பிழைகள் எல்லாம் ஒரே ரகமா என்று முதலில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். இந்த மூன்று மாதம் நீங்கள் திருத்தி வந்ததையும் உங்கள் வாயாலேயே சொல்லிவிடுங்கள். கோபப்படுவார். படட்டும். அதற்காக எழுந்து வந்துவிடாதீர்கள்.