டார்ட் நோட்ஸ் படிச்சுட்டு டெலிக்ட் பரீட்சை எழுதினா இப்படித்தான் ஆகும்

தென்னாப்பிரிக்காவுல டர்பன்ல எல்எல்பி ரெண்டாவது வருஷம் படிக்கிற ஒரு பொண்ணு கேட்டிருக்கா: "அண்ணா, சென்னையில இருக்கிற கசின் அனுப்பின டார்ட் நோட்ஸ வெச்சு படிச்சேன். டெஸ்ட்ல, டியூட்டி ஆஃப் கேர் அதாவது கவனமா இருக்க வேண்டிய கடமை இருந்துச்சு, கவனமா இருக்கல, அதனால ராங்ஃபுல்னு எழுதினேன், லெக்சரர் பக்கம் முழுக்க சிவப்பு மையில கோடு போட்டுட்டார். எங்க தப்பு? இன்னொண்ணு, எங்க ஆயா சாட்ஸ்வொர்த் பக்கம் ஒரு மால்ல யாரோ கொட்டிட்டுப் போன பன்னிச்சோ (பிரெட்டைக் கொடஞ்சு குழம்பு ஊத்துற டர்பன் சாப்பாடு) கிரேவியில வழுக்கி விழுந்து மணிக்கட்டு ஒடஞ்சு போச்சு, கேஸ் போடலாமா?"

ரெண்டும் ஒரே கேள்விதாம்மா, ஆயா கேஸையே வெச்சுப் பார்த்துடலாம். அடுத்தவங்களுக்கு நஷ்டம் பண்ணினவங்ககிட்ட இழப்பீடு கேக்குற சட்டத்துக்கு இந்தியாவுல டார்ட்னு பேரு, நம்ம ஊர்ல டெலிக்ட்.

உன் கசின் நோட்ஸ்ல தப்பு ஒண்ணும் இல்ல. இந்தியாவுல இங்கிலீஷ் காமன் லா, 1932 டோனஹ்யூ எதிர் ஸ்டீவன்சன், பேஸ்லி ஊர் கஃபேல ஜிஞ்சர் பீர் பாட்டில்ல நத்தை கெடந்த கேஸ், அங்கேருந்து டியூட்டி (கடமை), பிரீச் (அதை மீறினது), டேமேஜ் (நஷ்டம்)னு போகும். நம்ம தென்னாப்பிரிக்காவுல அடித்தளம் டச்சுக்காரங்க கொண்டு வந்த ரோமன் டச்சு சட்டம், இங்க அஞ்சு விஷயம் நிரூபிக்கணும்: ஒரு செயல் இல்லன்னா செய்யாம விட்டது, அது ராங்ஃபுல் அதாவது சட்டத்துக்கு விரோதம், செஞ்சவரோட தப்பு அதாவது ஃபால்ட், காரணத் தொடர்பு, நஷ்டம். இதுல ஒண்ணு விழுந்தாலும் கேஸ் விழுந்துரும். நீ செஞ்சது என்னன்னா ரெண்டாவதையும் மூணாவதையும் ஒரே பாத்திரத்துல போட்டு கிண்டிட்ட, சிவப்பு மை அதுக்குத்தான்.

ராங்ஃபுல்னெஸ் கேக்குற கேள்வியே வேற. இந்த மாதிரி நஷ்டத்துக்கு இந்த மாதிரி ஆள் மேல பொறுப்பு சுமத்துறது நியாயமா, அவ்வளவுதான். அவர் கவனமா நடந்துக்கிட்டாரா இல்லையாங்கறது இங்க வரவே கூடாது. 2011ல லெ ரூ எதிர் டே வழக்குல அரசியல் சாசன நீதிமன்றமே இதை தெளிவா சொல்லிடுச்சு. ஒருத்தர் நேரடியா செஞ்ச செயலால உடம்புக்கோ பொருளுக்கோ சேதம்னா ராங்ஃபுல்னு எடுத்துக்கிட்டு தாண்டிப் போயிடலாம், ரெண்டு வரி போதும். ஆனா ஒருத்தர் ஒண்ணும் செய்யாம விட்டதால வந்த சேதம், இல்ல வெறும் பண நஷ்டம்னா அங்க நின்னு எழுதணும். செய்யாம விட்டதுக்கு பெரிய கேஸ் 1975ல வந்த ஈவெல்ஸ்: போலீஸ் ஸ்டேஷனுக்குள்ளயே டியூட்டியில இல்லாத ஒரு சார்ஜென்ட் ஒருத்தரை அடிக்கிறார், மத்த போலீஸ்காரங்க பார்த்துட்டு நிக்கிறாங்க. தடுத்திருக்கணும்னு சமூகத்தோட சட்ட உணர்வு சொல்லுதான்னு கோர்ட் கேட்டுச்சு, ஆமான்னு பதிலும் சொல்லுச்சு. ஆயா விஷயத்துல மால் நிர்வாகம் கிரேவியக் கொட்டல, துடைக்காம விட்டுச்சு, ஆக அதுவும் இந்த வகைதான், ஆனா இடம் அவங்க கட்டுப்பாட்டுல இருக்கு, ஜனங்களை வாங்க வாங்கன்னு கூப்பிட்டு சம்பாதிக்கிறதும் அவங்கதான், அதனால சட்டக் கடமை இருக்குன்னு சொல்றதுல பெரிய சிக்கல் இல்ல.

அதுக்கப்புறம்தான் மூணாவது விஷயமான ஃபால்ட், இங்க அது நெக்லிஜென்ஸ் அதாவது கவனக்குறைவு. 1966 க்ரூகர் எதிர் கூட்ஸி, ஹோம்ஸ் நீதிபதியோட சோதனையை தூக்கத்துல கேட்டாலும் சொல்லணும்: நிதானமுள்ள ஒரு ஆள் அந்த எடத்துல இருந்திருந்தா, இப்படி சேதம் வரலாம்னு முன்கூட்டியே நெனச்சுப் பார்த்திருப்பாரா, தடுக்க நியாயமான நடவடிக்கை எடுத்திருப்பாரா, இவர் எடுக்காம விட்டாரா. எல்லாரும் சோதனையை மனப்பாடம் பண்ணுவாங்க, கேஸ்ல என்ன நடந்துச்சுன்னு படிக்க மாட்டாங்க, எனக்கு அதுதான் எரிச்சல். க்ரூகரோட குதிரைங்க திறந்து கெடந்த கேட் வழியா ரோட்டுக்கு வந்து கூட்ஸியோட கார்ல மோதிடுச்சு. கேட்டை திறந்து போட்டது கவுன்சில் வேலைக்கு வந்த ஆளுங்க, க்ரூகர் அதைப் பத்தி கவுன்சில்ல பல தடவை புகார் சொல்லியிருக்கார். குதிரை வெளிய வரும்னு அவருக்கு நல்லாவே தெரியும், சரி, ஆனா இதுக்கு மேல அவர் என்ன செஞ்சிருக்கணும்? அதுக்கு கூட்ஸி சாட்சியம் எதுவும் வைக்கல, தோத்துட்டார். அதனால பரீட்சையில "கவனமா இருக்கல"ன்னு மட்டும் எழுதாத, என்ன செஞ்சிருக்கலாம், அதுக்கு எவ்வளவு செலவு, எவ்வளவு சிரமம்னு எழுது, மார்க் அங்கதான் இருக்கு.

ஆயாவுக்கும் இதே கேள்விதான். கிரேவி எவ்வளவு நேரமா தரையில கெடந்துச்சு, எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவை தொடைக்கிறாங்க? வழுக்குற பொருள் கெடந்துச்சு, அதுல விழுந்தாங்கன்னு நீங்க காட்டிட்டா, எங்க துப்புரவு ஏற்பாடு இதுதான்னு விளக்கம் சொல்ல வேண்டிய நிலைமை அவங்களுக்கு வந்துரும், வாய மூடிட்டு இருந்தா பெரும்பாலும் அவங்களுக்கு எதிராத்தான் போகும், ஆனா மொத்தமா நிரூபிக்கிற பொறுப்பு கடைசி வரைக்கும் உங்க பக்கம்தான்.

ஒரு பொறி இருக்கு. மால் ஓனர் துப்புரவை வெளி கம்பெனிக்கு காண்ட்ராக்ட் விட்டிருந்தா? சார்ட்டாப்ராப்ஸ் எதிர் சில்பர்மேன், உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008ல தீர்ப்பு சொன்னது, இதே மாதிரி மால்ல வழுக்கி விழுந்த அம்மா கேஸ்தான். திறமையான கம்பெனிய வெச்சு நியாயமானதை செஞ்சுட்டார்னு ஓனரை விட்டுட்டாங்க, துப்புரவு கம்பெனிதான் மாட்டுச்சு. நுஜென்ட் நீதிபதி எழுதின சிறுபான்மைத் தீர்ப்பையும் படி, என் மனசுக்கு அதுதான் சரின்னு படுது, ஆனா சட்டம் பெரும்பான்மைதான். அதனால வக்கீல் ரெண்டு பேர் மேலயும் சேர்த்து கேஸ் போடுவார்.

வாசல்ல "உங்கள் சொந்தப் பொறுப்பில் நுழையவும்"னு போர்டு இருந்துச்சான்னும் பாரு. நம்ம டர்பன்ல வாட்டர் வொண்டர்லேண்ட் எதிர் போத்தா கேஸ்ல, கேளிக்கைப் பூங்கா ரைடுலேருந்து தூக்கி எறியப்பட்டவங்களுக்கு எதிரா டிக்கெட் ஆபீஸ் போர்டு ஜெயிச்சுது. இப்ப 2008 நுகர்வோர் பாதுகாப்பு சட்டம் வந்ததால கண்ணுல படுற மாதிரி, புரியுற பாஷையில எழுதியிருக்கணும், மிக மோசமான அலட்சியத்துக்கு போர்டு காப்பாத்தாது.

ஆயா போன் பார்த்துட்டே நடந்தாங்கன்னா? கேஸ் போயிடாது. 1956 நஷ்ட ஈட்டுப் பங்கீட்டு சட்டப்படி கோர்ட் பங்கு பிரிக்கும், நஷ்டம் ஒரு லட்சம் ரேண்ட், அவங்க தப்பு 30 சதவீதம்னா 70 ஆயிரம் கெடைக்கும். ஆஸ்பத்திரி பில் ஒரு வழக்கு வகை, வலிக்கும் வேதனைக்கும் இன்னொரு வகை, பரீட்சையில தனித்தனியா எழுது.

இப்போதைக்கு மாலுக்கு எழுத்துல ஒரு ஈமெயில், கேமரா பதிவை அழிக்காதீங்கன்னு, அது ரொம்ப நாள் இருக்காது. எக்ஸ்ரே, ரசீது, அன்னிக்கு போட்டிருந்த செருப்பு எல்லாம் எடுத்து வை. பொதுவா மூணு வருஷத்துல கேஸ் காலாவதி ஆயிடும். விழுந்தது மாலுக்கு வெளிய மாநகராட்சி நடைபாதையிலன்னா அரசு அமைப்புங்க மேல வழக்கு போடுறதுக்கான 2002 சட்டப்படி ஆறு மாசத்துக்குள்ள எழுத்துல நோட்டீஸ் குடுக்கணும், அந்த எடம் யாரோடதுன்னு முதல்ல விசாரிச்சுரு.