படம் பார்க்கப் பழகுதல்

வணக்கம் ஐயா,

என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். செல்போனில் வரும் எந்தப் படத்தையும் நம்பாதே என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தேன். இப்போது எதைக் காட்டினாலும் ‘இது ஏஐ-ஆ இருக்கும்’ என்கிறாள். நிலாவில் மனிதன் இறங்கிய போட்டோவையும் விடவில்லை, வானத்தில் நட்சத்திரமே இல்லையே என்கிறாள். படங்களைச் சரியாகப் பார்க்க எப்படிக் கற்றுக்கொடுப்பது?

ரா.

அன்புள்ள ரா,

நட்சத்திரம் எங்கே என்று கேட்டிருக்கிறாளே, அந்தக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். சுள்ளென்று வெயில் அடிக்கும் தரைக்கும் வெள்ளை உடைக்கும் ஏற்றபடி கேமராவை வைத்தால் மங்கலான நட்சத்திரங்கள் பதியாது, அவ்வளவுதான். அவள் படத்தை உற்றுப் பார்த்திருக்கிறாள், ஆனால் பதில் தேடுவதற்கு முன்பே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். எல்லாவற்றையும் நம்புகிறவர்களும் இதே அவசரத்தில்தான் இருக்கிறார்கள்.

அதனால் ‘இது பொய்யா?’ என்பதைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, கேமரா எங்கே நின்றது, எது படத்தின் சட்டகத்துக்கு வெளியே போனது, யார் எப்போது எடுத்தது என்று கேட்கப் பழக்குங்கள். நம்மை ஏமாற்றும் படங்களில் பல போலியே கிடையாது. எப்போதோ எடுத்த வெள்ளப் படம் நேற்றைய செய்தியோடு வரும், தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் இழுத்துக் காட்டும் டெலிஃபோட்டோ லென்ஸில் எடுத்த தெருவில் தள்ளித்தள்ளி நடக்கிறவர்கள்கூட நெருக்கியடித்துக்கொண்டு போவதுபோலத் தெரிவார்கள்.

ரஷ்யாவுக்கு எதிராக நடந்த கிரிமியப் போரின்போது 1855-இல் ரோஜர் ஃபென்டன் என்ற ஆங்கிலேயப் புகைப்படக்காரர் எடுத்த இரண்டு படங்கள் இணையத்திலேயே கிடைக்கின்றன, அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவளிடம் காட்டுங்கள். ஒரே பள்ளத்தாக்கு, ஒரே கோணம். ஒன்றில் சாலை வெறுமையாகக் கிடக்கிறது, பீரங்கிக் குண்டுகள் எல்லாம் ஓரத்தில். இன்னொன்றில் குண்டுகள் சாலையிலும் சிதறிக் கிடக்கின்றன. எது முதலில் எடுத்தது என்று பெரிய விவாதமே நடந்தது. கடைசியில் துப்புக் கொடுத்தவை குண்டுகள்கூட இல்லை, யாரும் கவனிக்காத சரிவில் கிடந்த சின்னச் சின்னக் கற்கள்தான். சாலை வெறுமையாகக் கிடக்கும் படத்தில் இருந்ததைவிட மற்றதில் அவை சற்றுக் கீழே இறங்கியிருந்தன. கால் பட்டு உருளும் கல் மேலே ஏறாது அல்லவா, அப்படியானால் சாலையில் குண்டு கிடக்கும் படம்தான் பின்னால் எடுத்தது. விடையை முதலிலேயே சொல்லிவிடாதீர்கள், அவளே தேடட்டும், அரை மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை.

ஏஐ படங்களில் விரலை எண்ணு, எழுத்தைப் பார் என்று சொல்லும் உபாயங்களை நான் பெரிதாக நம்புவதில்லை, அந்தக் குறைகள் வேகமாக மறைந்துகொண்டு வருகின்றன. படத்தைக் கொண்டே இணையத்தில் தேடி அது முதலில் எங்கே வந்தது என்று பார்ப்பது இன்னும் உருப்படியான வழி.

அப்புறம், எண்களைப் படமாகக் காட்டும் வரைபடங்களை விட்டுவிடாதீர்கள், என் கணக்கில் போட்டோவைவிட அதிகம் ஏமாற்றுபவை அவைதான். 50, 52 என்று இரண்டே எண்களை அவளிடம் கொடுத்து இரண்டு விதமாகப் பட்டைப் படம் வரையச் சொல்லுங்கள். உயரத்தை அளக்கும் அச்சைப் பூஜ்யத்தில் தொடங்கினால் இரண்டு பட்டையும் ஏறக்குறைய ஒரே உயரம். 49-இல் தொடங்கினால் ஒன்று மற்றதைப்போல மூன்று மடங்கு நிற்கும், எண் ஒன்றுகூட மாறியிருக்காது. இதைத் தன் கையால் ஒருமுறை செய்துவிட்டால், அடுத்து எந்த வரைபடம் வந்தாலும் அவள் கண் முதலில் அச்சின் அடிக்குத்தான் போகும்.