ரோகு நீளமா வளருது, எடை மட்டும் ஏறல, ஏன்?

கேள்வி: வணக்கம் சார், திருவையாறு பக்கம் அரை ஏக்கர் குளம், ரோகு மட்டும் 3000 குஞ்சு விட்டு எட்டு மாசம் ஆச்சு. நாலாம் மாசம் புடிச்சுப் பாத்தப்ப சராசரி 24 செ.மீ, 170 கிராம் இருந்துச்சு. இப்ப 36 செ.மீ வந்துருச்சு, ஆனா 420 கிராம்தான் நிக்குது. போன வாரம் கொள்ளிடத்துல வலை போட்டவங்ககிட்ட அதே 36 செ.மீ ரோகு வாங்குனேன், 600 கிராம்! தவிடும் கடலைப் புண்ணாக்கும் சரிபாதி கலந்து தெனம் 8 கிலோ போடறேன், ஒரு நாள்கூட விட்டதில்ல. ஆத்து மீன் ரகமே வேறயா, இல்ல குஞ்சு குடுத்தவரு ஏமாத்திட்டாரா?

பதில்: வணக்கம்ண்ணே. ரெண்டு தடவையும் நீளம் எடை ரெண்டையும் குறிச்சு வெச்சிருக்கீங்க பாருங்க, அதுலயே விடை இருக்கு. முக்காவாசிப் பேரு "ஒரு அடி மீன் வந்துருச்சு சார்"னு மட்டும் சொல்லுவாங்க, அத வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.

மீன் நீளத்துல மட்டும் வளராது, அகலத்துலயும் கனத்துலயும் சேந்துதான் வளரும், அதனால நீளம் ரெண்டு மடங்கானா எடை எட்டு மடங்காகணும். உங்க மீன் 24-லேந்து 36, அதாவது ஒண்ணரை மடங்கு, அப்ப எடை 3.375 மடங்கு ஏறி 570 கிராம் பக்கம் வந்திருக்கணும். வந்தது 420. மிச்சம் 150 கிராம் எங்க போச்சுங்கறதுதான் கேள்வியே.

இத ஒரே நம்பர்ல பாக்கலாம். எடைய கிராம்ல எடுத்து நூறால பெருக்கி, நீளம் × நீளம் × நீளம் எவ்வளவு வருதோ அதால வகுங்க, இதுக்குப் பேரு கண்டிஷன் ஃபேக்டர். நாலாம் மாசம் உங்களுக்கு 1.23, இப்ப 0.90, அந்த ஆத்து மீனுக்கு 1.29. ஆக உங்க குஞ்சு நாலு மாசம் வரைக்கும் ஆத்து மீனுக்குச் சமமாத்தான் கொழுகொழுன்னு இருந்திருக்கு, குஞ்சு குடுத்தவர திட்டாதீங்க. ரகமும் வேற இல்லண்ணே, ரோகு காவேரிக்குச் சொந்த மீனே கிடையாது, கங்கைப் பக்கத்து மீன், மேட்டூர் மாதிரி அணைங்கள்ல குஞ்சு விட்டு வளந்ததுதான்.

அப்ப என்ன ஆச்சு? தீனிக் கணக்குதான். 3000-ல நூத்துக்கு இருபது போயிருக்கும்னு வெச்சா 2400 மீன். 170 கிராம் இருந்தப்ப மொத்தம் 400 கிலோ சொச்சம், அதுல ரெண்டு சதவீதம் 8 கிலோ, கரெக்டா இருந்துச்சு. இன்னைக்கு குளத்துல ஒரு டன் மீன் நிக்குது, அதே 8 கிலோ போட்டா ஒரு சதவீதம்கூட இல்ல. தீனி பத்தலேன்னாலும் மீனுக்கு எலும்பு கொஞ்சம் கொஞ்சமா நீண்டுகிட்டே இருக்கும், சதைதான் ஏறாது, ரொம்பப் பட்டினி போட்டா எடை கொறையக்கூட செய்யும், ஆனா நீளம் கொறையாது. அதனாலதான் கரையில நின்னு பாத்தா நல்லா வளர்ற மாதிரியே தெரியும். மேலேந்து ஒரு மீன பாருங்க, தலை பெருசாவும் தலைக்குப் பின்னாடி முதுகு ஒடுங்கியும் இருக்கும்.

அதுக்காக நாளைக்கே 20 கிலோ கொட்டிடாதீங்க. அரை ஏக்கர்ல ஒரு டன்ங்கறதே நெரிசல், தின்னாத தீனி அழுகி விடியக்காலைல மீன் மேல வந்து வாய் பொளந்து நிக்கும். மொதல்ல பெருசா உள்ளத ஒரு ஐநூறு அறுநூறு புடிச்சு வித்துடுங்க. அப்புறம் தீனிய ரெண்டு மூணு வாரத்துல படிப்படியா ஏத்துங்க, வாரித் தூவாம உர சாக்குல ஓட்டை போட்டு மூங்கில்ல கட்டித் தொங்க விட்டா எவ்வளவு மிஞ்சுதுன்னு தெரியும். மந்தாரமா இருக்கற அன்னைக்கு பாதி போதும். அப்படியே நாலஞ்சு மீனோட செவுளத் தூக்கிப் பாருங்க, பேன், புழு இருந்தாலும் இதே மாதிரிதான் இளைக்கும். அடுத்த தடவ கட்லா, மிர்கால் சேத்து விடுங்க, ரோகு மட்டும் விட்டா மேல் தண்ணி, அடித்தரையில இருக்கற இரையெல்லாம் வீணாப்போகுது.

அளக்கறதுல ஒரு விஷயம். தையல் டேப்ப வயித்து மேல வளைச்சு அளந்தா நீளம் கூடக் காட்டும், பலகைல ஸ்கேல் ஒட்டி மீன அதுல படுக்க வெச்சு மூக்கு நுனிலேந்து வால் நுனி வரைக்கும் எடுங்க. சில பேரு வால் ஆரம்பிக்கற எடத்தோட நிறுத்திடுவாங்க, அப்படி அளந்தா உங்க இதே 36 செ.மீ மீன் 29, 30 செ.மீன்னு வரும், நம்பர் 1.5-க்கு மேல எகிறிடும், இளைச்ச மீன் கொழுத்த மாதிரி ஆயிடும்! எது வேணா அளங்க, எப்பவும் ஒண்ணையே அளங்க. ஆத்து மீனோட ஒப்பிடறப்ப சினையான்னு வயித்த அமுக்கிப் பாத்துக்கங்க, ஆடி மாசத்துல முட்டையே நல்ல எடை வரும்.

கட்லாவ ரோகுவோட ஒப்பிடாதீங்க, அது பிறவியிலேயே குண்டு. விரால் நேர்மாறு. இதுக்காகத்தான் 1951-லயே லெ க்ரென்னு ஒரு ஆராய்ச்சியாளர், இங்கிலாந்துல விண்டர்மியர் ஏரி பெர்ச் மீன்கள வெச்சு, ஒவ்வொரு மீனையும் அதோட கூட்டத்துச் சராசரியோடயே ஒப்பிடணும்னு கணக்கு போட்டுக் காட்டுனாரு.

பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவ முப்பது மீன், காலைல தீனி போடறதுக்கு முன்னாடி, இழுவை வலைல எடுங்க. தீனி போடற எடத்துல வீச்சு வலை வீசுனா முந்தித் தின்ன பெருசுங்கதான் மாட்டும், கணக்கு பொய் சொல்லும். 1.1 தாண்டிடுச்சுன்னா தீனி ஒடம்புல ஒட்டுதுன்னு அர்த்தம். மூணு தடவ எடுத்தப்புறமும் 0.90-லயே நின்னா ரெண்டு மீன ஐஸ்ல வெச்சு பக்கத்து மீன்வளத்துறை ஆபீஸ்ல காட்டுங்க.